வயலாக இருந்த மனையில் விதை போட்டுப் புல்தரை: டெல்டாவில் எப்படிச் செய்வது

கேட்டது இது: மன்னார்குடிக்குப் பக்கத்தில், சில வருடம் முன்பு வரை நெல் விளைந்த மனையில் வீடு கட்டியிருக்கிறீர்கள். வாசல் பக்கம் 3 செண்ட் காலியாக இருக்கிறது. பாய் போல் சுருட்டி வரும் புல்லை வாங்காமல், விதை தூவியே புல்தரை கொண்டுவர முடியுமா, எந்த விதை, எந்த மாதம், அதன்பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

முடியும். ஆனால் விதை தூவுவது ஒரு காலைப்பொழுது வேலை. அதற்கு முன்னால் மண்ணுக்குச் செய்ய வேண்டியது மூன்று மாத வேலை. புல் நிற்குமா போகுமா என்பது அந்த மூன்று மாதத்திலேயே முடிவாகிவிடும். உங்கள் மனை வயலாக இருந்தது என்பதால் இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகச் சேடை கட்டி (தண்ணீர் நிறுத்திச் சேறாக்கி), உழுது, மிதித்து, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும்படி பக்குவப்படுத்திய மண் அது. நெல்லுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். புல்தரைக்கு வேண்டியதோ நேர் எதிர்: வேரைச் சுற்றிக் காற்று, பெய்த மழை தேங்காமல் வடிகிற நிலம். இதைக் கவனிக்காமல் எவ்வளவு விலை கொடுத்து விதை வாங்கினாலும் ஐப்பசி அடைமழையில் போய்விடும்.

விதையைப் பற்றிக் கேட்டதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இணையத்தில் அழகான படம் போட்டு விற்கும் பொட்டலங்களில் பலவற்றில் இருப்பது கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புல். இவை 15 முதல் 24 டிகிரி வரையிலான குளிரில் செழிப்பவை. நம் ஊரில் மார்கழியில் தூவினால் சில வாரத்தில் முளைத்துக் கண்ணைப் பறிக்கும் பச்சையாக நிற்கும், அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. பங்குனி வெய்யில் ஏறியதும் வெளுக்கும், சித்திரையில் கருகும். பகலில் 38 டிகிரியும் இரவில் கூட 27 டிகிரியும் இருக்கிற ஊரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்து, 'மெக்சிகன் புல் விதை' என்று வருவது. நர்சரிகளில் பாயாக விற்கும் அந்த நுண்ணிலைப் புல் வேர்க்கரணையாலும் பாயாலும் பெருக்கப்படுவது, அந்தப் பெயரில் வரும் விதையை வாங்காதீர்கள். கோல்ஃப் மைதானங்களில் இருக்கும் டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் போன்ற கலப்பின அருகம்புல்லுக்கு விதையே கிடையாது. 36 குரோமோசோம் உள்ள நம் அருகையும் 18 குரோமோசோம் உள்ள ஆப்பிரிக்க அருகையும் இணைத்ததால் 27 குரோமோசோமுடன் பிறந்த மலட்டுப் புல் அது. விதை என்று யாராவது விற்றால் அது வேறு ஏதோ.

ஆக, டெல்டாவில் விதையால் கொண்டுவரத் தக்கது அருகுதான். பொட்டலத்தில் 'பெர்முடா' என்றும் 'சைனோடான் டாக்டிலான்' என்றும் எழுதியிருப்பது நம் வரப்பில் இருக்கும் அதே அருகம்புல். வரப்பு அருகுக்கும் இதற்கும் வித்தியாசம், புல்தரைக்கென்று தேர்ந்தெடுத்த ரகத்தில் கணுவிடை குட்டையாக, இலை நெருக்கமாக, ஒரே சீராக வரும் என்பது. பொட்டலத்தில் பெயர், முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதித்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தோல் நீக்கிய விதை 7 முதல் 14 நாளில் முளைக்கும். தோலோடு உள்ளது மூன்று வாரம் வரை இழுக்கும். பச்சை, நீல நிறத்தில் பூச்சு பூசிய விதையில் எடையில் பாதி வரை பூச்சுதான். உங்கள் 3 செண்ட் என்பது சுமார் 120 சதுர மீட்டர். பூச்சில்லாத, தோல் நீக்கிய விதை சதுர மீட்டருக்கு 6 கிராம் வீதம் 700 கிராம் போதும். பூச்சு விதை என்றால் ஒன்றரைக் கிலோ. குறைவாகத் தோன்றும், ஆனால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 40 லட்சம் விதை இருக்கிறது. நெருக்கித் தூவினால் நாற்றங்கால் போல் முண்டியடித்து மெலிந்து அழுகும். வாங்கியதும் 100 விதையை எண்ணி, நனைந்த செய்தித்தாளில் பரப்பி, தட்டில் வைத்துக் கண்ணாடியால் மூடி வெளிச்சத்தில் வையுங்கள். விதைநெல்லுக்குப் பார்க்கிற அதே சோதனைதான். இரண்டு வாரத்தில் 60க்குக் கீழே முளைத்தால் விதையளவைக் கூட்ட வேண்டும், 30க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெய்யில் விழ வேண்டும். மாமர நிழலிலும் வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டியும் அருகு நிற்காது, நீண்டு வெளுத்து இடைவெளி விடும். அந்த இடங்களில் பஃபலோ புல்லைக் கரணையாக நடலாம். அல்லது புல்லை விட்டுவிட்டு வல்லாரையோ பொடுதலையோ படர விடுங்கள். நிழலும் ஈரமும் உள்ள கொல்லைக்கு அவை புல்லைவிடப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

இனி மண். வயல் மண்ணில் மேலே அரை அடி இளக்கமாக இருக்கும், அதற்குக் கீழே ஏர் ஓடி ஓடி இறுகிய ஒரு கெட்டித் தட்டு இருக்கும். வீடு கட்டும்போது அதன் மேல் கிராவலோ செம்மண்ணோ கொட்டி மேடாக்கியிருப்பார்கள், லாரி ஏறி இன்னும் இறுகியிருக்கும். கூடவே சிமெண்டுக் கட்டி, செங்கல் சில்லு, பூச்சு வேலையில் உதிர்ந்த கலவை. முதலில் இந்தக் கட்டட இடிபாட்டைப் பொறுக்கி வெளியேற்றுங்கள். அப்படியே புதைத்தால் மண்ணின் காரத்தன்மை ஏறி, புல் அங்கங்கே மஞ்சளாக நிற்கும். பிறகு கடப்பாரையாலோ டிராக்டரின் கொக்கிக் கலப்பையாலோ முக்கால் அடி ஆழத்துக்கு அந்தத் தட்டை உடைக்க வேண்டும். இதைக் களிமண் காய்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். காய்ந்த களி நொறுங்கும், ஈரக் களி வழுக்கிக்கொண்டு மேலும் இறுகும். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை விழுந்த இடம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மக்கிக்கொண்டிருக்கும் வேர்க்கட்டை ஆண்டுக்கணக்கில் உள்வாங்கும், தரை பள்ளமாகிக்கொண்டே இருக்கும். தோண்டி எடுத்துவிட்டு நிரப்புவது நல்லது.

களிமண்ணை இளக்க மணல் கொட்டச் சொல்வார்கள். கொஞ்சமாக மணல் கலந்தால் களி இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். உண்மையாக இளக வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணல் வேண்டும், அதற்கு ஆகும் செலவு வீண். டெல்டாவில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற மக்கிய எருவும் கருக்கிய உமியும் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். 3 செண்டுக்கு ஒரு டிராக்டர் டிப்பர் எரு, அரை டிப்பர் கருக்கிய உமி, 12 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 4 கிலோ சூப்பர் பாஸ்பேட். அரிசி ஆலையில் கொதிகலனில் எரிந்த வெள்ளைச் சாம்பல் வேண்டாம், கறுப்பாகக் கருகிய உமி மட்டும். எரு முழுக்க மக்கியதாக, கையில் எடுத்தால் சாணி வாடை இல்லாததாக இருக்கட்டும். மக்காத எருவில் களை விதையும் வண்டுப்புழுவும் கூடவே வந்துவிடும். தென்னைநார்க் கழிவு போடுவதென்றால் மக்க வைத்ததையே போடுங்கள், பச்சையாகப் போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அது மக்குவதற்கே இழுத்துக்கொள்ளும். குளத்து வண்டல் செழிப்பானதுதான், ஆனால் களை விதையும் கோரைக்கிழங்கும் சேர்ந்தே வரும். புல்தரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிப்சம் போடுவதா வேண்டாமா என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும். உங்களுக்குப் பக்கத்தில் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். மண்ணோடு உங்கள் போர் தண்ணீரையும் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் கலந்தபின் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்து அடிக்கு 2 அங்குலம் சரிவு வருமாறு பரம்படியுங்கள். சரிவு போய் முடிகிற இடத்தில் தண்ணீர் வெளியேற ஒரு வடிகால் கட்டாயம் வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு வயலுக்கும் பாய்ச்ச ஒரு வாய்க்கால், வடிக்க ஒரு வாய்க்கால் என்று முன்னோர் வெட்டி வைத்தார்கள். மனை போட்டபோது அந்த வடிகாலைத் தூர்த்திருந்தால், உங்கள் வாசல் மழைக்காலத்தில் மறுபடி வயலாகும். தரையைச் சமன் செய்ததும் இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்து விடுங்கள். பள்ளமானதை நிரப்புங்கள். நடந்தால் கால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியாத பதம் வந்தால் சரி.

இதற்கு நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. கோரை. வயலில் தண்ணீர் நின்றவரை அடங்கிக் கிடந்து, மனையாகிக் காய்ந்ததும் தலைதூக்குவது அதன் இயல்பு. மேலே தெரியும் தாளைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கும். ஒரு கிழங்கில் பல கண் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று முளைக்கும். கிழங்குகள் ஒன்றோடொன்று நூல் போன்ற தண்டால் சங்கிலியாகக் கோத்திருக்கும், சங்கிலி அறுந்ததும் ஒவ்வொன்றும் தனிச்செடி. அதனால்தான் சுழல் கலப்பை ஓட்டிய இடத்தில் கோரை குறையாமல் பெருகுகிறது. புல் வந்தபிறகு கோரையை எடுப்பது மிகக் கடினம். கோரை இல்லாத தரையில்தான் விதை விழ வேண்டும்.

இதற்கு நம் விவசாயிகள் காலங்காலமாகச் செய்யும் கோடை உழவைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. கிழங்கு பெரும்பாலும் மேல் அரை அடியில்தான் இருக்கும். சித்திரையில் நிலத்தை மண்வெட்டியால் வெட்டிப் புரட்டி, கட்டியை உடைக்காமல் வெய்யிலில் போடுங்கள். மேலே வந்த கிழங்கு இரண்டு வாரத்தில் காய்ந்து சாகும். முடிந்தவரை கையால் பொறுக்குங்கள். பிறகு கட்டியை உடைத்துத் தண்ணீர் விட்டு, மீதமிருப்பதை முளைக்கவிடுங்கள். நாலைந்து இலை வந்ததும், புதுக்கிழங்கு கட்டுவதற்கு முன், களைக்கொட்டால் கிழங்கோடு எடுங்கள். மீண்டும் தண்ணீர், மீண்டும் முளைப்பு, மீண்டும் எடுப்பு. மூன்று சுற்றாவது வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நெருஞ்சி, தொட்டாற்சிணுங்கி, பார்த்தீனியம், காட்டுப்புல் எல்லாம் முளைத்துக் காலியாகும். கடைசிச் சுற்றில் மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள், அடியில் உறங்கும் களை விதையை மறுபடி மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். தெளிந்த பாலித்தீன் தாளை ஈர மண்ணில் விரித்து வெய்யிலில் வேக வைக்கும் முறையும் உண்டு. ஆறு வாரத்தில் சிறு களை விதைகளை நன்றாகக் கொல்லும், ஆனால் ஆழத்தில் உள்ள கோரைக்கிழங்கு தப்பிவிடும்.

மேலே சொன்னதிலேயே மாதம் தெரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் உடைத்தல், காயப்போடுதல், களையெடுத்தல். ஆனியில் சமன் செய்தல். ஆடி முதல் பாதியில் விதை. மண் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும், அருகு அதைத்தான் விரும்பும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கிற வழக்கப்படி ஆற்றில் தண்ணீர் வந்தால், ஆடியில் கிணற்று ஊற்றும் தெளியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால் புல்லுக்குப் பன்னிரண்டு வாரம் கிடைக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையைப் பிடித்துக்கொள்ள அது போதும். ஆவணிக்குப் பிறகு தூவினால் அந்த அவகாசம் இல்லை, புரட்டாசியிலிருந்து மார்கழி வரை தூவவே வேண்டாம். ஒரே ஒரு மழை விதையை அள்ளி மதிலோரம் சேர்த்துவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் உப்புமண்ணில் இருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. வளர்ந்த அருகு உப்பைத் தாங்கும், முளைவிடும் விதை தாங்காது. மழை முடிந்து உப்பு கழுவப்பட்டு, மண் மறுபடி சூடேறும் மாசியில் தூவுவது அவர்களுக்கு ஏற்றது.

தூவும் நாளில் காற்று இல்லாத அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள், ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் விதை பக்கத்து வீட்டில் விழும். விதையைப் பத்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்குங்கள். ஒன்றைக் கிழக்கு மேற்காகவும் மற்றதைத் தெற்கு வடக்காகவும் தூவினால் சொட்டை விழாது. வரிவாரியால் இலேசாகக் கீறிவிடுங்கள். விதை கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வெளியே வராது. பிறகு பலகை போட்டு மிதித்தோ இலேசான உருளை ஓட்டியோ விதையை மண்ணோடு அழுத்துங்கள், பலர் விட்டுவிடுகிற வேலை இது. மேலே வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, பாதி மண் தெரியும்படி மெல்லியதாகத் தூவுங்கள். வைக்கோலில் ஒட்டியிருந்த நெல் நாலைந்து முளைக்கும், கவலை வேண்டாம், இரண்டு முறை வெட்டினால் போய்விடும். எறும்புப் புற்று இருந்தால் தூவும் முன்பே அகற்றுங்கள், எறும்பு வரிசையாக விதையைத் தூக்கிப் போகும். கோழி கிளறினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் பாழ். ஆடு மாடு வராமல் வேலியும் கோழி வராமல் வலையும் இரண்டு மாதத்துக்கு இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் முதல் மூன்று வாரம் ஒரு விதம், பிறகு வேறு விதம். முளைக்கும்வரை மேல் அரை அங்குலம் காயவே கூடாது. பூவாளியாலோ நுண்தெளிப்பானாலோ நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நனைந்தால் போதும். குழாயை நேராகப் பிடித்துப் பீய்ச்சினால் விதை ஓடிவிடும். ஒரே ஒரு நண்பகல் விட்டுவிட்டாலும் முளைவிட்ட விதை செத்துப்போகும், அதற்கு மறுமுளைப்பு கிடையாது. முளைத்துப் பச்சை படர்ந்ததும் தண்ணீரைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள். முதலில் காலையில் ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மாதத்தில் வாரம் இருமுறை. மேலோட்டமாகத் தினமும் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் கீழே போகாது. மாலையில் ஊற்றி இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் அழுகல் நோய் வரும். வளர்ந்தபின் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தால் உங்கள் இடத்துக்கு 3,000 லிட்டர். கோடையில் 4,500 வரை போகும். காவிரி வறண்ட ஆண்டில் இவ்வளவு தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற மனம் வராது, ஊற்ற வேண்டியதும் இல்லை. வேரூன்றிய அருகு சித்திரையில் வைக்கோல் நிறத்துக்குப் போய் உறங்கும், மழை விழுந்ததும் எழும்.

புல் இரண்டரை அங்குலம் உயர்ந்ததும், அதாவது நான்கிலிருந்து ஆறாவது வாரத்துக்குள், முதல் வெட்டு. மண் காய்ந்திருக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கருக்கரிவாளால் பிடித்து அறுத்தால் இளம்செடி வேரோடு வந்துவிடும், வெட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள். வெட்ட வெட்டத்தான் அருகு மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடும். அதனால் முதல் வெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரம் அளவோடு. நான்காவது வாரம் 600 கிராம் யூரியா, மணலில் கலந்து, இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர். பிறகு வளரும் பருவத்தில் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அதே அளவு. வயலுக்கு அள்ளி வீசுகிற கை பழக்கத்தில் வீசினால் திட்டுத் திட்டாகக் கருகும். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள். சிமெண்டுத் தரையில் பட்டால் கறை போகாது, பார்த்துச் செய்யுங்கள். முதல் இரண்டு மாதம் களைக்கொல்லியே வேண்டாம், தென்படும் களையைக் கையால் எடுங்கள்.

புரட்டாசி வாக்கில் ஒரே இரவில் புல் மொட்டையாகி, மைனாவும் கொக்கும் கூட்டமாக இறங்கினால் படைப்புழு வந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிடத்தில் புழு மேலே வரும். சிறு புழுவாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை மாலையில் தெளித்தால் அடங்கும். வயலுக்கு வாங்கி மீதமிருக்கும் பூச்சிமருந்தை எடுத்து அடித்துவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தைகள் வெறுங்காலோடு உருளப்போகிற இடம் அது.

முதல் பருவமழைக்கு முன், புரட்டாசி பாதியோடு யூரியாவை நிறுத்துங்கள். வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வடிகாலில் அடைப்பு இல்லாமல் பாருங்கள். தண்ணீர் ஓரிரு நாள் நின்றால் தாங்கும், வாரக்கணக்கில் நின்றால் அழுகும். ஈரக் களியில் நடந்தால் நீங்கள் உடைத்த தட்டு மறுபடி உருவாகும். அதனால் நடக்க வேண்டிய தடத்தில் கல் பாவி வையுங்கள். தை மாதம் மண் காய ஆரம்பித்ததும் தோட்டத்து முள்கரண்டியால் அரையடி இடைவெளியில் நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தி, துளைகளில் மக்கிய எருவைச் சலித்து நிரப்புங்கள். மழையில் சொட்டையான இடத்துக்கு விதை வாங்கத் தேவையில்லை. நன்றாக வந்திருக்கும் ஓரத்திலிருந்து ஓடுகொடியை எடுத்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, சாணமும் மண்ணும் கரைத்த குழம்பில் புரட்டி அந்த இடத்தில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசி விடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மாசி முடிவதற்குள் மூடிவிடும்.